பிறர் சொல்லைப் பேணுதல்: ஆங்கில அயற்கூற்றும் தமிழ் மரபும்

முன்னுரை

நாள்தோறும் நாம் பேசும் பேச்சில் நம்முடைய சொற்களாக இருப்பவை சில. பிறரிடமிருந்து கேட்டு எடுத்துரைப்பவை பல. "வாப்பா இப்படிச் சொன்னார்கள்", "உம்மா வரச் சொன்னார்கள்", "பேராசிரியர் நாளை தேர்வு என்றார்" என்று காலை முதல் இரவு வரை பிறர் சொல்லைச் சுமந்து திரிகின்றோம். ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளைக் குறைவின்றி உரியவரிடம் சேர்ப்பது எவ்வாறு கடமையோ, அவ்வாறே ஒருவர் சொல்லைத் திரிபின்றிச் சேர்ப்பதும் கடமையாகும். சொல்லும் ஓர் அமானிதமே.

பிறர் சொல்லை எடுத்துரைக்கும் முறையை ஆங்கில இலக்கணம் 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்' என்னும் தலைப்பில் விளக்குகின்றது. நம் மாணவர்கள் பள்ளியில் இதனைப் பயில்கின்றனர். ஆயினும் பெரும்பாலும் இது கணக்குப் பாடத்தின் வாய்பாடு போலவே மனப்பாடம் செய்யப்படுகின்றது. "இச்சொல் வந்தால் அச்சொல்லாக மாற்று" என்னும் பட்டியல் நினைவில் நிற்கின்றது. ஏன் மாற்றவேண்டும் என்னும் வினா எழுவதேயில்லை. தமிழ் பயிலும் மாணவரோ, "இது ஆங்கிலத் துறையின் சுமை, நமக்கென்ன?" என்று ஒதுங்கிவிடுகின்றார். ஆனால் தமிழ் இலக்கணத்தின் ஒளியில் நோக்கின் ஆங்கிலத்தின் இப்பகுதி எளிதில் விளங்குகின்றது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு நோக்கின் தமிழின் நுட்பமும் புலனாகின்றது. அவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

இருவகைக் கூற்று

ஒருவர் கூறியதை அவர் கூறிய சொற்களாலேயே எடுத்துரைப்பது நேர்க்கூற்று. கூறியதன் பொருளை எடுத்துரைப்பவர் தம் நிலையில் நின்று தம் வாக்கியத்தோடு இணைத்துக் கூறுவது அயற்கூற்று. இலத்தீன் இலக்கண நூலார் முன்னதை 'ஒராசியோ ரெக்டா' என்றும் பின்னதை 'ஒராசியோ ஒப்ளிகுவா' என்றும் வழங்கினர். நேரான பேச்சு, சாய்வான பேச்சு என்பன அவற்றின் பொருள். இப்பாகுபாட்டை ஐரோப்பிய மொழிகளின் இலக்கணங்கள் பின்பற்றின. இந்தியப் பள்ளிகளில் 1930களிலிருந்து வழங்கிவரும் ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூலும் 'டைரக்ட்', 'இன்டைரக்ட்' என்னும் இப்பிரிவினையே கைக்கொள்கின்றது.

எழுத்தில் நேர்க்கூற்றை மேற்கோள் குறி காட்டும். அக்குறி, "இதற்குள் இருப்பவை என் சொற்கள் அல்ல" என்று எழுதுபவர் செய்யும் அறிவிப்பு. அயற்கூற்றில் அக்குறி இல்லை. அங்கே கூறியவர் குரலும் எடுத்துரைப்பவர் குரலும் ஒரே வாக்கியத்தில் கலந்து நிற்கின்றன. எந்தப் பகுதி யாருடையது என்பதைச் சொற்களின் வடிவமே காட்டவேண்டும். அயற்கூற்றுக்கு விதிகள் பல தேவைப்படுவதன் காரணம் இதுவே.

இடம் பெயர்தல்

ஓர் எடுத்துக்காட்டை முதலில் கொள்வோம். நூலகர் ஒருவர் மாணவனிடம், "ஐ வில் ஷோ யூ திஸ் புக் ஹியர் டுமாரோ" என்கின்றார். 'நான் உனக்கு இந்த நூலை நாளை இங்கே காட்டுவேன்' என்பது இதன் பொருள். சில வாரங்கள் கழித்து வேறோர் ஊரில் அம்மாணவன் இதனை எடுத்துரைக்கும்போது, "ஹீ டோல்ட் மீ தட் ஹீ வுட் ஷோ மீ தட் புக் தேர் த நெக்ஸ்ட் டே" என்பான். இங்கே ஆறு சொற்கள் மாறியுள்ளன. 'ஐ' என்பது 'ஹீ' ஆயிற்று; 'யூ' என்பது 'மீ' ஆயிற்று; 'திஸ்' என்பது 'தட்' ஆயிற்று; 'ஹியர்' என்பது 'தேர்' ஆயிற்று; 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆயிற்று; 'வில்' என்பது 'வுட்' ஆயிற்று. 'ஷோ', 'புக்' ஆகியவை மாறவில்லை.

மாறியவை ஏன் மாறின? மாறாதவை ஏன் மாறவில்லை? 'புக்' என்பது யார் சொன்னாலும், எங்கே நின்று சொன்னாலும், என்று சொன்னாலும் நூலையே குறிக்கும். 'ஐ' என்பதோ சொல்பவர் மாறினால் ஆள் மாறும் சொல். 'ஹியர்' என்பது நிற்குமிடம் மாறினால் இடம் மாறும் சொல். 'டுமாரோ' என்பது பேசும் நாள் மாறினால் நாள் மாறும் சொல். பேசுபவரை மையமாகக் கொண்டு பொருள் தரும் இத்தகைய சொற்களே அயற்கூற்றில் மாற்றம் பெறுகின்றன. இந்த ஒன்றைப் பற்றிக்கொண்டால் நீண்ட பட்டியல் தேவையில்லை.

இவ்வுண்மையைத் தமிழ் இலக்கணம் தன் கலைச்சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளது. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூன்றனையும் நம் இலக்கண நூலார் 'இடம்' என்றனர். 'நான்' என்பது ஓர் இடம். 'நீ' என்பது ஓர் இடம். 'அவன்' என்பது ஓர் இடம். பேச்சு நிகழும் களத்தில் ஒருவர் எங்கே நிற்கின்றார் என்பதை அவை காட்டுகின்றன. இந்நோக்கில் அயற்கூற்று என்பது பேச்சு இடம் பெயர்தலேயாகும். நூலகரின் இடத்திலிருந்து மாணவனின் இடத்திற்கு அப்பேச்சு வந்துவிட்டது. ஆகவே தன்மை படர்க்கையாயிற்று, முன்னிலை தன்மையாயிற்று.

சுட்டும் அவ்வாறே. அகரம் சேய்மைச் சுட்டு. இகரம் அண்மைச் சுட்டு. இது அது ஆகின்றது. இங்கே அங்கே ஆகின்றது. இப்போது அப்போது ஆகின்றது. இன்று அன்று ஆகின்றது. ஆங்கிலத்தின் 'திஸ்', 'ஹியர்', 'நவ்', 'டுடே' ஆகியவை முறையே 'தட்', 'தேர்', 'தென்', 'தட் டே' ஆவதும் இதே செயலே. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாக நினைவில் நிறுத்தவேண்டியதைத் தமிழ் ஓர் எழுத்தின் மாற்றத்தில் அடக்கிக் காட்டுகின்றது. "இகரம் அகரமாகும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் அண்மைச் சொல் சேய்மைச் சொல்லாகும்" என்று கூறினால் தமிழ் மாணவர்க்கு அப்பட்டியல் முழுவதும் விளங்கிவிடும்.

இதிலிருந்து மற்றொன்றும் பெறப்படும். இடம் பெயராவிடின் மாற்றமும் வேண்டுவதில்லை. காலையில் நூலகத்தில் கேட்டதை அதே நூலகத்தில் அன்று மாலையே மாணவன் எடுத்துரைப்பானாயின், 'ஹியர்' என்பதையும் 'டுமாரோ' என்பதையும் அவ்வாறே வைத்துக்கொள்ளலாம். அங்கே அவை பிழையல்ல. அவையே உண்மைக்குப் பொருந்துவன. தேர்வுத்தாளில் வாக்கியம் களமின்றித் தனித்து நிற்பதால்தான் எல்லாவற்றையும் மாற்றுமாறு கற்பிக்கின்றனர்.

காலம் பின்வாங்குதல்

ஆறு மாற்றங்களில் ஐந்தினைத் தமிழும் செய்கின்றது. 'தான் எனக்கு அந்த நூலை மறுநாள் அங்கே காட்டுவதாக அவர் கூறினார்' என்னும் தமிழ் வாக்கியத்தில் நான் 'தான்' ஆயிற்று. உனக்கு 'எனக்கு' ஆயிற்று. இந்த 'அந்த' ஆயிற்று. நாளை 'மறுநாள்' ஆயிற்று. இங்கே 'அங்கே' ஆயிற்று. ஆறாவதாகிய வினையின் காலம் மட்டும் மாறவில்லை. 'காட்டுவேன்' என்னும் எதிர்காலம் 'காட்டுவதாக' என்று எதிர்காலமாகவே நிற்கின்றது. ஆங்கிலத்திலோ 'வில்' என்பது 'வுட்' ஆகி இறந்தகால வடிவம் பெற்றது.

டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இலக்கணத்தின் தத்துவம்' என்னும் நூலில் இம்மாற்றத்தைப் 'பேக் ஷிஃப்டிங்' என்று குறித்தார். இதனை நாம் 'காலப் பின்னகர்வு' எனலாம். 'செட்', 'டோல்ட்' போன்ற கூறும் வினை இறந்தகாலத்தில் இருப்பின், அதனுள் அடங்கும் வினையும் ஒரு படி பின்னால் செல்லும். நிகழ்காலம் இறந்தகாலமாகும்; 'ஹேஸ்', 'ஹேவ்' ஆகியவை 'ஹேட்' ஆகும்; இறந்தகாலம் 'ஹேட்' சேர்ந்த முன்னிறந்தகாலமாகும்; 'வில்' 'வுட்' ஆகும்; 'கேன்' 'குட்' ஆகும்; 'மே' 'மைட்' ஆகும். முன்னரே 'ஹேட்' பெற்று நிற்கும் வினைக்கு அதற்குப் பின்னால் செல்லப் படியில்லை. ஆதலின் அது மாறாது. 'குட்', 'மைட்', 'வுட்', 'ஆட்' போன்றவையும் மாறா. 'மஸ்ட்' என்பது அவ்வாறே நிற்றலும் உண்டு. 'ஹேட் டு' ஆதலும் உண்டு.

கூறும் வினை நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருப்பின் பின்னகர்வு இல்லை. 'ஹீ செஸ் தட் ஹீ இஸ் டயர்ட்' என்பதில் 'இஸ்' மாறவில்லை. என்றும் நிலைக்கும் உண்மையைக் கூறும்போதும் நிகழ்காலத்தை அவ்வாறே வைக்கலாம். பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்று ஆசிரியர் கூறியதை எடுத்துரைக்கையில் 'த எர்த் மூவ்ஸ் ரவுண்ட் த சன்' என்றே எழுதுகின்றோம். ஆசிரியர் சொன்னது நேற்றாயினும் பூமியின் சுழற்சி இன்றும் நிகழ்வது அன்றோ?

இவ்விடத்தில் இரு மொழிகளின் இயல்பு வேறுபடுவதைக் காணல் வேண்டும். ஆங்கிலம் எடுத்துரைப்பவரின் நேரத்திலிருந்து காலத்தை அளக்கின்றது. தமிழ் கூறியவரின் நேரத்திலிருந்து அளக்கின்றது. 'வந்ததாகச் சொன்னான்' எனில் சொல்வதற்கு முன்பே வந்தான்; 'வருவதாகச் சொன்னான்' எனில் சொல்லும்போது வருகை இனிமேல் நிகழவேண்டியது. எனவேதான் தமிழ் மாணவர், 'ஹீ செட் தட் ஹீ வில் கம்' என்று எழுதிவிடுகின்றார். அவர் அறியாமையால் தவறவில்லை. தம் தாய்மொழியின் காலக் கணக்கை ஆங்கிலத்தில் இட்டுவிட்டார். இதனை எடுத்துக்காட்டித் திருத்தினால் பிழை மீண்டும் வாராது. சிவப்பு மையால் சுழித்துவிட்டால் மட்டும் வந்துகொண்டேயிருக்கும்.

வினாவும் ஏவலும்

தொல்காப்பியர் இடையியலில் 'என' என்னும் இடைச்சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு பொருள்நிலைகளைக் கூறுகின்றார். 'என்று' என்பது 'என்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த எச்சம். எவ்வகைக் கூற்றாயினும் அதன் இறுதியில் வந்து மூடும் ஆற்றல் இதற்குண்டு. 'மழை பெய்கிறது என்றான்', 'எங்கே போகிறாய் என்றான்', 'வா என்றான்', 'ஐயோ என்றான்' என்று செய்தி, வினா, ஏவல், வியப்பு ஆகிய நான்கினையும் 'என்' என்னும் ஒரே அடி ஏற்கின்றது.

ஆங்கிலத்திற்கு இத்தகைய ஒரு சொல் இல்லை. 'தட்' என்பது செய்தி வாக்கியத்திற்கு மட்டுமே உரியது. ஆம், இல்லை என விடை பெறும் வினாவாயின் 'இஃப்' அல்லது 'வெதர்' வரும். 'வேர்', 'வென்', 'வை' போன்ற வினாச்சொல் இருப்பின் அதுவே இணைப்பாக நிற்கும். வேறு இணைப்பு வேண்டா. ஏவல் வினையாயின் 'டு' சேர்ந்த வினை வரும். எதிர்மறை ஏவலாயின் அதற்கு முன் 'நாட்' வரும். வியப்பாயின் அவ்வுணர்ச்சியைக் குறிக்கும் வினையைத் தேர்ந்து செய்தி வாக்கியமாக ஆக்குவர்.

'என்று' என்பதும் 'தட்' என்பதும் ஒன்றே எனக் கொள்ளும் மாணவர், 'ஹீ ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்' என்றும் 'ஹீ டோல்ட் மீ தட் கம்' என்றும் எழுதுகின்றார். 'ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்', 'ஹீ டோல்ட் மீ டு கம்' என்பனவே சரியானவை. முதல் வாக்கியத்தில் 'வாஸ் ஐ' என வராமல் 'ஐ வாஸ்' என வந்துள்ளமையைக் கருதுக. வினா அயற்கூற்றில் அடங்கியபின் அது வினாவாக நிற்பதில்லை. வினவப்பட்டது எது என்று கூறும் செய்தியாகிவிடுகின்றது. அதனால் சொல்லொழுங்கு செய்தி வாக்கியத்தின் ஒழுங்காகின்றது, வினாக்குறியும் நீங்குகின்றது.

ஏவலை அயற்கூற்றாக்கத் தமிழிலும் தனி வடிவங்கள் உண்டு. 'வருமாறு கூறினார்', 'வரும்படி பணித்தார்' என்பன 'டு கம்' என்பதற்கு நேரானவை. 'என்று' சேர்த்து நினையாமல் 'மாறு', 'படி' சேர்த்து நினைத்தால் ஆங்கில வடிவம் தானே அமையும்.

தமிழுக்கு வாய்த்த இரு கருவிகள்

ஆங்கிலத்தில் இல்லாத இரு கருவிகள் தமிழுக்கு வாய்த்துள்ளன. ஒன்று 'தான்' என்னும் பெயர். 'ரஹீம் டோல்ட் கரீம் தட் ஹீ ஹேட் பாஸ்ட்' என்னும் ஆங்கில வாக்கியத்தில் தேர்ச்சி பெற்றவன் யார்? ரஹீமா, கரீமா, இருவருமல்லாத மூன்றாமவனா? 'ஹீ' என்னும் சொல் மூவருக்கும் பொருந்தும். தமிழில் 'தான் தேறிவிட்டதாக ரஹீம் கரீமிடம் கூறினான்' எனின் தேறியவன் ரஹீமே. 'அவன் தேறிவிட்டதாக' எனின் பிறன் ஒருவன். கூறியவனையே மீண்டும் சுட்டுவதற்கென ஒரு சொல்லைத் தமிழ் தனியே வைத்துள்ளது. ஆங்கிலத்தில் எழுதும்போது இவ்வசதி இன்மையால், ஐயம் எழும் இடங்களில் பெயரை மீண்டும் எழுதுதல் நன்று.

மற்றொன்று 'ஆம்' என்னும் இடைச்சொல். 'அவர் வெளிநாடு போகிறாராம்' என்னும்போது, "இது நான் கண்டதன்று, கேட்டது" என்று ஓர் அசையினால் அறிவித்துவிடுகின்றோம். ஆங்கிலத்தில் இதனைக் கூற 'இட் இஸ் செட் தட்', 'தே சே தட்' போன்ற தொடர்கள் வேண்டும். மொழிபெயர்ப்பில் அத்தொடர் விடுபட்டால் கேள்வியுற்ற செய்தி கண்ட செய்தியாக மாறிவிடும். 'கடை எரிந்ததாம்' என்பதைக் 'கடை எரிந்தது' என்று மாற்றினால் நீங்குவது ஓரசைதான். ஆனால் வதந்தி வரலாறாகிவிடுகின்றது.

நம் அகப்பாடல் மரபிலும் இவ்வுணர்வு ஆழப் பதிந்துள்ளது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனப் பாடல்கள் யாவும் கூற்று வகையால் பகுக்கப்பட்டன. ஊரார், அயலார், சேரியார், தந்தை, தமையன் முதலியோர்க்கு அகத்திணையில் நேரே கூற்று இல்லை. அவர் பேச்சுப் பிறரால் கொண்டெடுத்து மொழியப்படும் அளவினதே என்பது செய்யுளியல் விதி. ஊரார் தூற்றும் அலர் நம் செவிக்கு எட்டுவது தலைவியின் வாயிலாகவும் தோழியின் வாயிலாகவுமே. யார் நேரே பேசலாம், யார் பேச்சுப் பிறர் வழியே வரலாம் என்று வரையறுத்த இம்மரபு, நேர்க்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இலக்கிய உத்தியாகவே கையாண்டது எனலாம்.

ஆங்கிலப் புதினத்திலும் இத்தகைய உத்தி ஒன்றுண்டு. நேர்க்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் இடைப்பட்ட அதனை எஸ்பர்சன் 'ரெப்ரசென்டட் ஸ்பீச்' என்றார். 'வுட் ஹீ கம் டுமாரோ?' என்று, கூறும் வினையோ மேற்கோள் குறியோ இன்றி ஒரு பாத்திரத்தின் எண்ணம் கதைப்போக்கில் வந்து விழும். இதில் 'வில்' என்பது 'வுட்' ஆகி அயற்கூற்றின் இயல்பு பெற்றுள்ளது. 'டுமாரோ' என்பதும் வினா ஒழுங்கும் மாறாமல் நேர்க்கூற்றின் இயல்பும் நிற்கின்றது. ஜேன் ஆஸ்டின் (1775–1817) தம் புதினங்களில் இதனைத் திறம்படக் கையாண்டார்.

கூறும் வினையின் பொறுப்பு

விதிகளை எல்லாம் பிழையின்றிப் பின்பற்றியும் ஒருவர் சொல்லைத் திரித்துவிட இயலும். கூறும் வினையைத் தேர்வதில்தான் அவ்விடர் உள்ளது. ஒருவர், "நான் அந்தக் கடைக்குப் போனேன்" என்கின்றார். அதனைப் 'போனதாகக் கூறினார்' எனலாம். 'போனதை ஒப்புக்கொண்டார்' எனலாம். பின்னதில், போனது குற்றம் என்னும் கருத்து அவர் சொல்லாமலே அவர் வாயில் வைக்கப்படுகின்றது. 'செட்' என்பது நடுநிலையானது. 'அட்மிட்டட்', 'க்ளெய்ம்ட்', 'இன்சிஸ்டட்' ஆகியவை எடுத்துரைப்பவரின் தீர்ப்பையும் உடன் சுமப்பவை. செய்தித்தாள் படிக்கும்போது இவ்வினைகளைக் கூர்ந்து நோக்குதல் நல்ல பயிற்சியாகும்.

இன்னும் நுட்பமான ஓரிடமுண்டு. 'தான் பணத்தை எடுக்கவில்லை என்று அவன் மறுத்தான்' என்பது தமிழில் இயல்பான வாக்கியம். இதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், 'ஹீ டினைட் தட் ஹீ ஹேட் நாட் டேக்கன் த மணி' என வரும். 'டினை' என்னும் வினை தன்னுள்ளேயே எதிர்மறையைக் கொண்டது. அதனோடு மேலும் ஒரு 'நாட்' சேர்ந்தால், 'எடுக்கவில்லை என்பதை மறுத்தான்', அதாவது 'எடுத்தேன் என்றான்' என்று பொருள்படும். தான் குற்றமற்றவன் என்று ஒருவன் கூறிய சொல், ஒரு சிறு சொல்லின் மிகையால் அவனது குற்ற ஒப்புதலாகிவிடுகின்றது! 'ஹீ டினைட் தட் ஹீ ஹேட் டேக்கன் த மணி' என்பதே சரி. தேர்வில் இப்பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையலாம். வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும் இடத்திலோ ஒருவரின் வாழ்வே குறைந்துவிடும்.

சட்டம் இதனை நன்குணர்ந்துள்ளது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. கண்டதைக் கண்டவரும், கேட்டதைக் கேட்டவருமே வந்து கூறவேண்டும். 2024 சூலை 1 முதல் அச்சட்டத்திற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமும் அந்நெறியைத் தொடர்கின்றது. மரண வாக்குமூலம் போன்ற விதிவிலக்குகளில்கூட, இயன்றவரை கூறியவரின் சொற்களிலேயே அதனைப் பதிவு செய்தல் சிறந்ததாகக் கருதப்படுகின்றது. பிரித்தானிய நாடாளுமன்ற உரைகளும் முற்காலத்தில் பெரும்பாலும் படர்க்கையில், அயற்கூற்றாகவே தொகுக்கப்பட்டன. 1909ஆம் ஆண்டில் நாடாளுமன்றமே அதிகாரபூர்வப் பதிவை மேற்கொண்டபின் உறுப்பினர் பேசியவை தன்மையிடத்தில், நேர்க்கூற்றாகப் பதிவாயின.

அரபு மொழியும் ஹதீஸ் கலையும்

அரபு பயிலும் மாணவர் ஒரு விதியை நன்கறிவர். 'கால' என்னும் வினைக்குப் பின் 'இன்ன' வரும். அறிந்தான், கேள்வியுற்றான் போன்ற பொருள் தரும் வினைகளுக்குப் பின் 'அன்ன' வரும். 'கால' என்பதை அடுத்து வருவது கூறியவரின் சொல்லாகவே தொடங்குகின்றது. ஆகவே புதிய வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் 'இன்ன' அங்கும் வருகின்றது. மற்ற இடங்களில் வருவது ஒரு வாக்கியத்தின் உறுப்பு. அதற்கு 'அன்ன' உரியது. மேற்கோள் குறி இல்லாத காலத்திலேயே ஓர் உயிர்க்குறியின் வேறுபாட்டால் அரபு இலக்கணம் இவ்வேறுபாட்டைப் பேணியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொற்களைப் பேணிய ஹதீஸ் கலை இதனினும் ஒரு படி மேலே சென்றது. சொல்லை அவ்வாறே அறிவித்தல், கருத்தை அறிவித்தல் என இருவகை அறிவிப்பை அறிஞர்கள் பகுத்தனர். முன்னது 'ரிவாயா பில் லஃப்ழ்'. பின்னது 'ரிவாயா பில் மஃனா'. கருத்தை அறிவிப்பதை அறிஞர் பலர் ஏற்றனர்; ஆயினும் மொழியின் நுட்பமும், எச்சொல் மாறினால் எப்பொருள் மாறும் என்னும் தெளிவும் உடையவர்க்கே அதனை அனுமதித்தனர். சொல் அவ்வாறேதானா என்னும் ஐயம் எழுமிடத்து, 'அல்லது அவர்கள் கூறியவாறு' என்னும் பொருளுடைய 'அவ் கமா கால' என்பதை இறுதியில் சேர்த்தல் பேணுதலான முறையாக விளங்கியது.

கூறும் வினையிலும் அவர்கள் பெரும் கவனம் செலுத்தினர். 'ஸமிஃத்து' எனின் நான் செவியுற்றேன் என்பது வெளிப்படை. 'ஹத்தஸனா' எனின் எமக்கு அவர் அறிவித்தார் என்பது பொருள். 'அன்' எனின் அவரிடமிருந்து என்னும் அளவே. நேரே கேட்டாரா என்பது அதனால் மட்டும் உறுதியாகாது. எனவே அறிவிப்பாளர் இருவரும் சந்தித்திருத்தல், காலம் பொருந்துதல் போன்றவை ஆராயப்பட்டன. ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) போன்றோரின் பெருந்தொகுப்புகள் இத்தகைய ஆராய்ச்சியின் கனிகளே. ஒரு சொல் யாரிடமிருந்து, யார் வழியே, எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லோடு சேர்த்தே அவர்கள் பாதுகாத்தனர்.

செய்தி வந்தால் தெளிவாக விசாரித்தறியுமாறு திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்று அது எச்சரிக்கின்றது. கைப்பேசியில் ஒரு விரல் தொடுதலில் பிறர் சொல்லை ஆயிரவர்க்கு அனுப்பும் இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை நம் ஒவ்வொருவர்க்கும் உரியது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். அயற்கூற்று என்பது பேச்சு இடம் பெயர்தல். பேசுபவரைச் சார்ந்து பொருள் தரும் சொற்கள் மட்டும் அதில் மாறுகின்றன. இடத்தையும் சுட்டையும் தமிழும் ஆங்கிலமும் ஒத்த முறையில் மாற்றுகின்றன. காலத்தை ஆங்கிலம் பின்னகர்த்துகின்றது, தமிழ் அவ்வாறே வைக்கின்றது. தமிழ் 'என்று' ஒன்றினால் முடிப்பதை ஆங்கிலம் கூற்றின் வகைக்கேற்பப் பிரித்து முடிக்கின்றது. 'தான்', 'ஆம்' ஆகியவற்றால் தமிழ் பெறும் தெளிவை ஆங்கிலம் வேறு வழிகளால் பெறவேண்டியுள்ளது.

ஆங்கிலம் கற்பிப்போர் தமிழ் இலக்கணத்தையும், தமிழ் கற்பிப்போர் ஆங்கில இலக்கணத்தையும் அண்டை வீட்டைப் போல அறிந்திருந்தால் மாணவரின் பிழைகள் பெரிதும் குறையும். பிழை எந்த மொழியிலிருந்து புறப்பட்டது என்று அறிந்தவரே அதனைத் திருத்த வல்லவர்.

இலக்கணத்தின் பயன் தேர்வோடு முடிவதன்று. ஒருவர் இல்லாத இடத்தில் அவர் சொல்லை நாம் எடுத்துரைக்கும்போது, தம் சொல்லைத் திருத்திக்கொள்ள அவர் அங்கே இல்லை. அவர்க்காக அங்கே நிற்பது நம் நேர்மை ஒன்றே. இடத்தையும் காலத்தையும் சுட்டையும் சரியாக மாற்றி, பொருளை மாற்றாமல் உரியவரிடம் சேர்ப்போமாக. அந்த அமானிதத்தைப் பேணும் ஆற்றலை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!